நிலத்துக்கு ஈடாக அமைதி: அரபு–யூதப் பிணக்கில் உலகின் சமரச முயற்சிகள்

பாலஸ்தீனத்தில் ஒரே நிலத்துக்கு அரபு மக்களும் யூதர்களும் உரிமை கோரியதால் எழுந்த பிணக்கைத் தீர்க்க வெளிநாடுகள் எடுத்த முயற்சிகள் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்கின்றன. விசாரணைக் குழு, ஐ.நா. தீர்மானம், ரகசியப் பேச்சு, உச்சி மாநாடு என எல்லா வழிகளும் முயன்று பார்க்கப்பட்டன. எகிப்தோடும் ஜோர்டானோடும் இஸ்ரேல் செய்துகொண்ட உடன்படிக்கைகள் இன்றும் நிற்கின்றன. பாலஸ்தீனர்களோடு செய்துகொண்ட ஏற்பாடு எதுவும் முழுமை பெறவில்லை. ஒவ்வொரு முயற்சியும் எதைத் தீர்த்தது, எதைத் தள்ளிப்போட்டது என்று வரிசையாகப் பார்த்தால் இதற்கான காரணம் புலப்படும்.

பிரிட்டன் கைவிட்ட வழக்கு

முதல் உலகப் போரில் ஒட்டோமான் பேரரசு வீழ்ந்தபின் பாலஸ்தீனம் பிரிட்டனின் கைக்கு வந்தது. அங்கே யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமையத் துணைநிற்பதாக 1917 நவம்பர் 2 அன்று பால்ஃபர் அறிக்கை மூலம் பிரிட்டன் வாக்களித்திருந்தது. யூதரல்லாத மக்களின் குடியுரிமைகளுக்கும் மத உரிமைகளுக்கும் ஊறு நேராது என்றும் அதே அறிக்கை சொன்னது. அன்றைய மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையினர் அரபு மக்கள். இரண்டு வாக்குறுதிகளையும் ஒருசேரக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பது விரைவிலேயே தெரிந்தது. 1930களில் ஹிட்லரின் ஒடுக்குமுறைக்குத் தப்பி யூதர்கள் பெருமளவில் குடியேறினர். 1936இல் அரபு மக்களின் கிளர்ச்சி வெடித்தது.

அதை விசாரிக்க அமைக்கப்பட்ட பீல் குழு, நாட்டை இரண்டாகப் பிரிப்பதே வழி என்று 1937இல் பரிந்துரைத்தது. யூதத் தலைமை பிரிவினையைக் கொள்கை அளவில் ஏற்றுப் பேச முன்வந்தது. அரபுத் தலைமை மறுத்தது. இரண்டாண்டுகளில் பிரிட்டனே பின்வாங்கியது. 1939இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், அடுத்த ஐந்து ஆண்டுகளில் யூதக் குடியேற்றத்துக்கு 75,000 பேர் என்று வரம்பு விதித்தது. ஐரோப்பாவில் யூதர்கள் கொன்றொழிக்கப்படவிருந்த நேரத்தில் வந்த இந்த வரம்பை யூதர்கள் துரோகமாகக் கண்டனர். அரபு மக்களுக்கும் அதில் நிறைவில்லை. இரு தரப்பின் கோபத்துக்கும் ஆளான பிரிட்டன், 1947 பிப்ரவரியில் பிரச்சினையை ஐ.நா.விடம் ஒப்படைக்க முடிவு செய்தது.

ஐ.நா. பொதுச்சபை 11 நாடுகள் கொண்ட சிறப்புக் குழுவை அனுப்பியது. அதில் இந்தியாவும் இடம்பெற்றது. குழு இரண்டு பரிந்துரைகளைத் தந்தது. பெரும்பான்மை உறுப்பினர்கள் யூத நாடு, அரபு நாடு என இரண்டாகப் பிரித்து, ஜெருசலேமைச் சர்வதேச நிர்வாகத்தின் கீழ் வைக்கச் சொன்னார்கள். இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா ஆகிய மூன்று நாடுகளும் பிரிவினை வேண்டாம், இரு சமூகத்தாருக்கும் தன்னாட்சியுள்ள ஒரே கூட்டாட்சி போதும் என்றன.

1947 நவம்பர் 29 அன்று பொதுச்சபை பிரிவினைத் திட்டத்தை 181ஆம் தீர்மானமாக ஏற்றது. ஆதரவு 33, எதிர்ப்பு 13, வாக்களிக்காமல் விலகியவை 10. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரான யூதர்களுக்கு நிலத்தில் பாதிக்கும் சற்றுக் கூடுதலாக ஒதுக்கப்பட்டதை அரபு நாடுகள் அநீதி என்றன. யூதத் தலைமை திட்டத்தை ஏற்றது. தீர்மானத்தை நிறைவேற்றப் படையும் இல்லை, அதற்கு ஒத்துழைக்கும் விருப்பம் பிரிட்டனுக்கும் இல்லை. மறுநாளே உள்நாட்டுச் சண்டை தொடங்கியது. 1948 மே 14 அன்று இஸ்ரேல் உருவானதாக அறிவிக்கப்பட்டதும் அண்டை அரபு நாடுகளின் படைகள் உள்ளே நுழைந்தன.

ரோட்ஸ் தீவில் ரால்ஃப் பன்ச்

போரை நிறுத்த ஐ.நா. அனுப்பிய சமரசத் தூதர் ஸ்வீடனின் ஃபோல்கே பெர்னடோட். ஐ.நா. இப்படியொரு தூதரை நியமித்தது அதுவே முதல் முறை. ஜூன் 11 முதல் நான்கு வாரப் போர்நிறுத்தத்தை அவர் பெற்றுத்தந்தார். அதைக் கண்காணிக்க அமைந்த ராணுவப் பார்வையாளர் குழுவே ஐ.நா.வின் முதல் அமைதிகாப்புப் பணி. இன்றளவும் அது செயல்படுகிறது. பெர்னடோட் முன்வைத்த தீர்வு யோசனைகள் தீவிர யூதக் குழுவான லெஹிக்குச் சினமூட்டின. செப்டம்பர் 17 அன்று ஜெருசலேமில் அக்குழுவினர் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

அவருடைய இடத்துக்கு வந்தவர் அமெரிக்கக் கறுப்பினத்தவரான ரால்ஃப் பன்ச். 1949 ஜனவரியில் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில், ஒரே ஓட்டலில் எகிப்தியத் தூதுக்குழுவையும் இஸ்ரேலியத் தூதுக்குழுவையும் தங்கவைத்துப் பேச்சைத் தொடங்கினார். முதலில் இரு தரப்பையும் தனித்தனியே சந்தித்தார். சிக்கலான கேள்விகளை ஒதுக்கிவிட்டு, படைகள் எங்கே நிற்பது, கைதிகளை எப்படி மாற்றிக்கொள்வது போன்ற சிறு விஷயங்களில் ஒவ்வொன்றாக உடன்பாடு கண்டார். ஒப்புக்கொண்ட ஒவ்வொன்றையும் உடனுக்குடன் எழுத்தில் கொண்டுவந்தார். பிப்ரவரி 24 அன்று எகிப்து கையெழுத்திட்டது; தொடர்ந்து லெபனானும் ஜோர்டானும், ஜூலை 20 அன்று சிரியாவும் கையெழுத்திட்டன. இதற்காக 1950இல் பன்ச்சுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

ஆனால் இவை போரை நிறுத்திய ஒப்பந்தங்கள் மட்டுமே. வரைபடத்தில் இழுத்த கோடு அரசியல் எல்லையாகாது என்று அவற்றிலேயே எழுதப்பட்டிருந்தது. மேற்குக் கரை ஜோர்டானிடமும் காஸா எகிப்திடமும் போயின, ஐ.நா. திட்டமிட்ட அரபு நாடு பிறக்கவே இல்லை. வீடிழந்த பாலஸ்தீனர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர். அண்டை வீட்டாரோடு அமைதியாக வாழ விரும்பும் அகதிகளைத் திரும்ப அனுமதிக்க வேண்டும், திரும்ப விரும்பாதோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 1948 டிசம்பரில் 194ஆம் தீர்மானம் கூறியது. அதைச் செயல்படுத்த அமெரிக்கா, பிரான்ஸ், துருக்கி அடங்கிய சமரச ஆணையம் 1949இல் லோசான் நகரில் மாநாடு கூட்டியும் பலன் கிட்டவில்லை. அகதிகளுக்கு உணவும் கல்வியும் மருத்துவமும் தர, தற்காலிகமாக என்று சொல்லி அதே ஆண்டு தொடங்கப்பட்ட ஐ.நா. நிவாரண முகமை இன்னும் தொடர்கிறது.

சூயஸும் 242ஆம் தீர்மானமும்

1956இல் சூயஸ் கால்வாயை எகிப்து அதிபர் நாசர் நாட்டுடைமையாக்கியதும் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் சேர்ந்து எகிப்தைத் தாக்கின. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் எதிர்த்ததால் பின்வாங்க நேர்ந்தது. அவர்கள் விலகும் இடத்தில் நிறுத்த, ஆயுதம் தாங்கிய சர்வதேசப் படை ஒன்றை ஐ.நா. முதன்முறையாக அமைத்தது. யோசனை கனடா வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சனுடையது. 1957இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்படையில் இந்திய வீரர்களும் பதினோரு ஆண்டுகள் காஸாவிலும் சினாயிலும் பணியாற்றினர். 1967 மே மாதத்தில் நாசர் வெளியேறச் சொன்னதும் படை கிளம்பத் தொடங்கியது. அது முழுமையாக விலகுமுன்பே போர் மூண்டதில் இந்திய வீரர்கள் சிலர் உயிரிழந்தனர்.

அந்த ஆறு நாள் போரில் சினாய், காஸா, மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், கோலான் குன்றுகள் ஆகியவற்றை இஸ்ரேல் பிடித்தது. இழந்த நிலத்தைக் கேட்கும் அரபு நாடுகள், அங்கீகாரம் கேட்கும் இஸ்ரேல் என்று பேரத்தின் உருவம் அதன்பின் மாறியது. நவம்பர் 22 அன்று பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம் இந்தப் பேரத்துக்குச் சட்ட வடிவம் தந்தது: கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும், வட்டாரத்தின் எல்லா நாடுகளும் பாதுகாப்பான எல்லைக்குள் அமைதியாக வாழும் உரிமை ஏற்கப்பட வேண்டும். பிறகு நடந்த பேச்சுகள் எல்லாம் இதையே அடித்தளமாகக் கொண்டன.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதற்கு அதன் தெளிவின்மையும் ஒரு காரணம். எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்தா என்று அது சொல்லவில்லை. அரபு நாடுகள் முதல் பொருளையும் இஸ்ரேல் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டன. பாலஸ்தீனர்களின் பெயர் அதில் இல்லை. அகதிகள் பிரச்சினைக்கு நியாயமான தீர்வு வேண்டும் என்ற ஒரு தொடரோடு அது நின்றது. ஐ.நா. தூதர் குன்னார் யாரிங் பல ஆண்டுகள் தலைநகர் தலைநகராகச் சென்றும் பேச்சு நகரவில்லை.

1973 அக்டோபரில் எகிப்தும் சிரியாவும் திடீர்த் தாக்குதல் நடத்திய பிறகே தேக்கம் உடைந்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிஞ்சர் விமானத்தில் தலைநகரங்களுக்கிடையே மாறிமாறிப் பறந்து, 1974இல் எகிப்து, சிரியா இரண்டோடும் படைவிலக்க ஒப்பந்தங்களை முடித்தார். 1975இல் சினாயில் இன்னொரு பகுதியிலிருந்து இஸ்ரேல் பின்வாங்கியது. சமரசத்தின் கடிவாளம் ஐ.நா.விடமிருந்து வாஷிங்டனுக்கு மாறியதும் இந்த ஆண்டுகளில்தான்.

கேம்ப் டேவிட்: பதின்மூன்று நாட்கள்

1977 நவம்பரில் எகிப்து அதிபர் அன்வர் சதாத் ஜெருசலேமுக்குச் சென்று இஸ்ரேலிய நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். அரபு நாட்டுத் தலைவர் ஒருவர் வெளிப்படையாக இஸ்ரேலுக்குச் சென்றது அதுவே முதல் முறை. ஆயினும் அடுத்து நடந்த நேரடிப் பேச்சுகள் முட்டுச்சந்தில் நின்றன. அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் மெனாகிம் பெகினையும் மேரிலாந்து மலைப்பகுதியிலுள்ள கேம்ப் டேவிட் ஓய்வகத்துக்கு அழைத்தார். 1978 செப்டம்பர் 5 முதல் 17 வரை பத்திரிகையாளர்களின் கண்ணில் படாமல் பேச்சு நடந்தது.

இருவரும் நேருக்கு நேர் அமர்ந்த முதல் சில நாட்கள் வாக்குவாதத்தில் முடிந்தன. கார்ட்டர் வழியை மாற்றினார். இருவரையும் தனித்தனியே வைத்து, அமெரிக்கர்களே ஒரு வரைவை எழுதி, ஒருவரிடம் காட்டித் திருத்தம் பெற்று, மற்றவரிடம் கொண்டுபோனார்கள். அந்த ஒரே வரைவு இருபதுக்கும் மேற்பட்ட முறை திருத்தப்பட்டது. பத்து நாட்கள் கடந்தபின் சதாத் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படத் தயாரானார். கார்ட்டர் அவர் அறைக்கே போய்த் தடுத்தார். கடைசி நாளில் பெகின் முறுக்கிக்கொண்டபோது, அவருடைய பேரக்குழந்தைகள் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்ட புகைப்படங்களைக் கார்ட்டர் கொடுத்தார். இறுக்கம் தளர அது உதவியதாகக் கார்ட்டரே பின்னர் சொல்லியிருக்கிறார்.

சினாயிலிருந்த யூதக் குடியிருப்புகளைக் காலிசெய்வதே மிகக் கடினமான முடிச்சு. தன் கையால் அதைச் செய்ய மாட்டேன் என்றார் பெகின். முடிவை இஸ்ரேலிய நாடாளுமன்றத்துக்கு விடலாம் என்ற யோசனை அந்த முடிச்சை அவிழ்த்தது; நாடாளுமன்றம் பெரும்பான்மையோடு ஒப்புதல் தந்தது. 1979 மார்ச் 26 அன்று சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. 1982 ஏப்ரலில் சினாய் எகிப்துக்குத் திரும்பியது. அங்கே ஐ.நா. படையை நிறுத்தச் சோவியத் ஒன்றியம் ஒத்துக்கொள்ளாததால், அமெரிக்க முன்முயற்சியில் ஐ.நா.வுக்கு வெளியே ஒரு பன்னாட்டுக் கண்காணிப்புப் படை அமைந்தது. செங்கடல் கரையில் மிஞ்சிய தாபா என்ற சிறு துண்டு நிலத்தை இரு நாடுகளும் சர்வதேச நடுவர் தீர்ப்புக்கு விட்டன. 1988இல் தீர்ப்பு எகிப்துக்குச் சாதகமாக வர, மறு ஆண்டு இஸ்ரேல் அதை ஒப்படைத்தது.

சதாத் இதற்குக் கொடுத்த விலை பெரிது. அரபு லீக் எகிப்தை விலக்கிவைத்தது. 1981 அக்டோபர் 6 அன்று ராணுவ அணிவகுப்பில் மதத் தீவிரவாதிகள் அவரைச் சுட்டுக் கொன்றனர். அதற்குப் பிறகும் உடன்படிக்கை முறியவில்லை. எல்லைக்கோடு, படைகளின் எண்ணிக்கை, விலகும் தேதி, கண்காணிக்கும் ஆட்கள், அமெரிக்க உதவி என அனைத்தும் அதில் திட்டவட்டமாக இருந்தன. இரு தரப்பிலும் அதைக் காப்பாற்றும் அரசுகள் இருந்தன. ஆனால் கேம்ப் டேவிட்டில் இன்னொரு ஆவணமும் கையெழுத்தானது. மேற்குக் கரை, காஸா மக்களுக்கு ஐந்தாண்டு இடைக்காலத் தன்னாட்சி தருவது பற்றிய அது காகிதத்தோடு நின்றுவிட்டது. பாலஸ்தீனப் பிரதிநிதிகள் யாரும் அந்தப் பேச்சில் இல்லை.

மாட்ரிட் மேடையும் ஆஸ்லோவின் ரகசியமும்

1987இல் மேற்குக் கரையிலும் காஸாவிலும் வெடித்த மக்கள் எழுச்சி பாலஸ்தீனர்களை ஒதுக்கிவைத்துப் பேச முடியாத நிலையை உண்டாக்கியது. மறு ஆண்டு பாலஸ்தீன விடுதலை இயக்கம் 242ஆம் தீர்மானத்தை ஏற்றது. வளைகுடாப் போருக்குப் பின், 1991 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் சேர்ந்து மாட்ரிட் மாநாட்டைக் கூட்டின. இஸ்ரேல், சிரியா, லெபனான், ஜோர்டான் ஆகியவற்றோடு, ஜோர்டான் குழுவின் ஒரு பகுதியாகப் பாலஸ்தீனர்களும் அமர்ந்தனர். இந்தச் சூழலில்தான் 1992 ஜனவரியில் இந்தியா இஸ்ரேலோடு முழு அளவிலான தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டது.

மாட்ரிட்டைத் தொடர்ந்து வாஷிங்டனில் நடந்த பேச்சு இழுபறியில் கிடக்க, வேறொரு வழி நார்வேயில் திறந்தது. அங்குள்ள ஃபாஃபோ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டெர்யே ரோட்–லார்சனின் ஏற்பாட்டில், இஸ்ரேலியக் கல்வியாளர்கள் இருவரும் விடுதலை இயக்கத்தின் அகமது குரேயும் 1993 ஜனவரியில் ரகசியமாகச் சந்தித்தனர். ஆய்வுக் கூட்டம் என்பது வெளிப்பூச்சு. நார்வேக்காரர்கள் வரைவு எழுதவோ நெருக்கடி தரவோ இல்லை. இடம் தந்தார்கள், ஒரே மேசையில் சாப்பிடவைத்தார்கள், பேச்சு அறுந்தபோது தொலைபேசியில் ஒட்டவைத்தார்கள். பிறகு இஸ்ரேலிய அதிகாரிகளே பேச்சில் இறங்கினர்.

செப்டம்பர் 9 அன்று கடிதங்கள் பரிமாறப்பட்டன. இஸ்ரேல் அமைதியாக வாழும் உரிமையை விடுதலை இயக்கம் ஏற்றது. விடுதலை இயக்கத்தைப் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக இஸ்ரேல் ஏற்றது. பாலஸ்தீனத்துக்கு ஒரு நாடு உண்டு என்று இஸ்ரேல் சொல்லவில்லை. செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேல் பிரதமர் யிட்சாக் ராபினும் விடுதலை இயக்கத் தலைவர் யாசர் அராஃபத்தும் கைகுலுக்கினர். இருவருக்கும் வெளியுறவு அமைச்சர் ஷிமோன் பெரெஸுக்கும் 1994இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று ஜோர்டானும் இஸ்ரேலோடு சமாதான உடன்படிக்கை செய்துகொண்டது. எல்லைத் தகராறு சிறியது, தண்ணீர்ப் பங்கீடு பேசி முடிக்கக்கூடியது என்பதால் அந்தப் பேச்சு விரைவாக முடிந்தது.

நார்வே பேச்சில் பிறந்த ஆஸ்லோ ஏற்பாடு ரால்ஃப் பன்ச்சின் வழியைப் பின்பற்றியது: எளியதை முதலில் முடி, நம்பிக்கை வளர்ந்தபின் கடினமானதைத் தொடு. ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை, பாதுகாப்பு ஆகியவை ஐந்தாண்டு இடைக்காலத்துக்குள் பேசி முடிக்கப்படும் என ஒத்திவைக்கப்பட்டன. 1995இல் மேற்குக் கரை மூன்று வகைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றில் ஏறத்தாழ 60 சதவீத நிலம் முழுக்க இஸ்ரேலியக் கட்டுப்பாட்டில் நீடித்தது.

அந்த இடைவெளியில் நம்பிக்கை வளரவில்லை. 1994 பிப்ரவரியில் ஹெப்ரானில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை யூதக் குடியேறி ஒருவன் சுட்டுக் கொன்றான். பாலஸ்தீன இஸ்லாமியவாத அமைப்பான ஹமாஸ் இஸ்ரேலியப் பேருந்துகளில் தற்கொலைத் தாக்குதல்கள் நடத்தியது. 1995 நவம்பர் 4 அன்று ராபினையே ஒரு யூதத் தீவிரவாதி கொன்றான். 1993இல் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் இருந்த மேற்குக் கரை யூதக் குடியேறிகளின் எண்ணிக்கை, 2000ஆம் ஆண்டில் 2 லட்சத்தை நெருங்கியது. பேசித் தீர்க்க வேண்டிய நிலம் பேச்சு நடக்கும்போதே மாறிக்கொண்டிருந்தது.

ஒத்திவைத்த கேள்விகளை ஒரே மூச்சில் தீர்க்க, 2000 ஜூலையில் அமெரிக்க அதிபர் கிளின்டன் அதே கேம்ப் டேவிட்டுக்கு இஸ்ரேல் பிரதமர் எஹுத் பராக்கையும் அராஃபத்தையும் அழைத்தார். இரு வாரப் பேச்சு ஜெருசலேமின் புனிதத் தலத்தின் மீதான உரிமையிலும் அகதிகள் விஷயத்திலும் முறிந்தது. செப்டம்பரில் இரண்டாம் எழுச்சி தொடங்கியது. மேற்குக் கரையில் 94 முதல் 96 சதவீதம் பாலஸ்தீனத்துக்கு, ஜெருசலேமில் அரபுப் பகுதிகள் பாலஸ்தீனத்துக்கும் யூதப் பகுதிகள் இஸ்ரேலுக்கும் என்ற வரையறைகளை டிசம்பரில் கிளின்டன் முன்வைத்தார். அடுத்த மாதமே அவர் பதவிக்காலம் முடிந்தது. பராக் தேர்தலில் தோற்றார்.

திட்டங்கள் பெருகின, பேச்சு சுருங்கியது

2002 மார்ச்சில் பெய்ரூட்டில் கூடிய அரபு லீக், சவூதி அரேபியாவின் யோசனையை ஏற்றது. 1967இல் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் முழுமையாக விலகி, கிழக்கு ஜெருசலேமைத் தலைநகராகக் கொண்ட பாலஸ்தீன நாட்டை ஏற்று, அகதிகள் பிரச்சினைக்கும் நியாயமான தீர்வு கண்டால், அரபு நாடுகள் எல்லாம் அதனோடு இயல்பான உறவு கொள்ளும் என்பது அதன் சாரம். 2003இல் ஐ.நா., ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா சேர்ந்த நால்வர் குழு, 2005க்குள் இரு நாட்டுத் தீர்வை எட்டும் படிப்படியான திட்டம் ஒன்றை வெளியிட்டது. எந்தப் படியும் குறித்த காலத்தில் நிறைவேறவில்லை. 2005இல் இஸ்ரேல் பேச்சு எதுவுமின்றித் தானாகவே காஸாவிலிருந்து படையையும் குடியேறிகளையும் விலக்கியது. 2006 தேர்தலில் ஹமாஸ் வென்று, மறு ஆண்டு காஸாவைத் தன் பிடிக்குள் கொண்டுவந்ததும், பாலஸ்தீனத் தரப்பே இரண்டாகப் பிளந்தது. 2007 அன்னாபொலிஸ் மாநாடும், 2013–14இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி நடத்திய பேச்சும் உடன்பாடின்றி முடிந்தன.

2020 செப்டம்பரில் ஐக்கிய அரபு அமீரகமும் பஹ்ரைனும், பின்னர் மொராக்கோவும் இஸ்ரேலோடு உறவை இயல்பாக்கிக்கொண்டன. சூடானும் அதற்கு இசைந்தது. ஆபிரகாம் உடன்படிக்கைகள் எனப்படும் இவை, பாலஸ்தீனப் பிரச்சினை தீர்ந்தபின்பே உறவு என்ற 2002ஆம் ஆண்டின் நிபந்தனையைத் தலைகீழாக்கின.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பிணைக் கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அடுத்த இரண்டாண்டுப் போரில் காஸாவில் 67,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் தெரிவித்தது. ஹமாஸோடு இஸ்ரேல் நேரடியாகப் பேச விரும்பாத நிலையில் கத்தாரும் எகிப்தும் நடுநின்றன. 2023 நவம்பரில் ஒரு வாரம், 2025 ஜனவரி முதல் மார்ச் வரை எனக் கிடைத்த இரு இடைவெளிகளில் கைதிகள் பரிமாறப்பட்டனர். அமெரிக்க அதிபர் டிரம்ப்பின் 20 அம்சத் திட்டத்தின்படி 2025 அக்டோபரில் இன்னொரு போர்நிறுத்தம் நடப்புக்கு வந்தது. அதற்குச் சற்று முன், செப்டம்பரில், பிரிட்டன், பிரான்ஸ், கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்தன. இந்தியா அந்த அங்கீகாரத்தை 1988இலேயே அளித்திருந்தது.

2025 நவம்பர் 17 அன்று பாதுகாப்பு அவை 2803ஆம் தீர்மானத்தின் மூலம் அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பதின்மூன்று நாடுகள் ஆதரிக்க, ரஷ்யாவும் சீனாவும் வாக்களிக்காமல் விலகின. காஸாவில் இடைக்கால நிர்வாக வாரியமும் சர்வதேசப் படையும் அமைக்க அது வழிசெய்கிறது. ஆஸ்லோ ஏற்பாட்டில் உருவான பாலஸ்தீன ஆணையம் சீர்திருத்தங்களை முடித்து, காஸாவின் மறுகட்டமைப்பும் முன்னேறியபின், தனி நாட்டுக்கான நம்பத்தகுந்த பாதைக்குரிய சூழல் அமையக்கூடும் என்கிறது அதன் வாசகம். எல்லை எது, ஜெருசலேம் யாருக்கு, அகதிகள் எங்கே போவார்கள் என்ற கேள்விகளுக்கு அதில் விடையோ காலக்கெடுவோ இல்லை. சினாய் உடன்படிக்கையைத் தாங்கி நிற்கும் திட்டவட்டமான வரைபடமும் தேதியும் பாலஸ்தீனத்துக்கு இன்னும் எழுதப்படவில்லை.